இல்லாத தேதியில் ஓர் உறை

"அம்மா, என்னை ஏன் பதினோரு நாள் முன்னாடியே பெத்துக்கலை?"

ஐந்து வயதில் அவள் கேட்ட கேள்வி அது. அன்று வீடு நிறைய உறவினர்கள். "நான் தயாராத்தான்டி இருந்தேன், நீதான் உள்ளே தூங்கிட்டிருந்தே" என்றாள் அம்மா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை.

பெரியப்பாவின் மகள் அவளைவிடப் பதினோரு நாள் மூத்தவள். அந்தப் பதினோரு நாளுக்காக ஆயுள் முழுக்க 'அக்கா' என்று கூப்பிட வேண்டும். மாடியில் அக்கா வீடு, கீழே இவள் வீடு. அக்கா மாடியில் வாங்கிய ஒவ்வொரு பரிசும் படியிறங்கி வந்து இவள் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. "மேலே பாரு" என்று அம்மா சொன்னால், அது கடவுளைப் பற்றி அல்ல.

கல்லூரி முடிந்ததும் இருவரும் ஒரே தேர்வு எழுதி, நடுவண் விசாரணைப் பணியகத்தின் கிளை அலுவலகத்தில் ஒரே நாளில் உதவிப் பணியாளர்களாகச் சேர்ந்தார்கள். துப்பாக்கி கிடையாது, சீருடை கிடையாது. கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு பேனா, அவ்வளவுதான். ஆனாலும் அந்த வேலைக்குள் ஒரு கதவு இருந்தது. உதவிப் பணியாளர்களில் பதிவேட்டில் கறையில்லாத ஒருவரை ஆண்டுக்கொருமுறை கிளைத் தலைவர் அதிகாரிப் பயிற்சிக்குப் பரிந்துரைப்பார். ஒரே ஒருவரைத்தான்.

அக்காவுக்குச் சான்றுப்பொருள் அறை கிடைத்தது. இவளுக்குத் தபால் மேசை. அங்கே உட்கார்ந்து இவள் உதிர்த்த நகைச்சுவை வெடிகளைக் கேட்டு அலுவலகம் இவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர் வைத்தது. விசாரணை அதிகாரி ஒருவர், வாக்குமூலம் எழுதவும் தட்டச்சு செய்யவும் ஆள் கேட்டபோது, மதிய நேரங்களில் இவளை அனுப்பினார்கள். அந்த அதிகாரிக்கு முதுகுக்குப் பின்னால் 'நிதானம்' என்று பெயர். தேநீர் குடிப்பதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். ஆனால் குடித்து முடிக்கும்போது கோப்பையில் ஒரு திருடன் சிக்கியிருப்பான்.

இப்போது நிதானத்தின் மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. பட்டாசுக்கு அதைப் பார்க்கப் பார்க்க உள்ளே ஏதோ இனித்தது. அந்த இனிப்புக்காக அவள் வெட்கப்படவும் செய்தாள். ஆனால் இனிப்பு நிற்கவில்லை.

விஷயம் இதுதான். போலிக் கடவுச்சீட்டு வழக்கு ஒன்றின் மெமரி கார்டு, முத்திரையிட்ட உறையில் சான்றுப்பொருள் அறையில் இருந்தது. அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. அக்கா அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். ஆய்வகமோ தங்கள் கணினியில் அப்படி ஓர் உறையே இல்லை என்றது. நான்கு நாளில் நீதிமன்றத்தில் காட்டவேண்டிய பொருள். 'தபால் மேசையில் கொடுத்தேன், இதோ ஒப்புகைச் சீட்டு' என்று அக்கா நீட்டிய காகிதத்தில் ஊதா மையில் பளிச்சென்று ஒரு தேதி இருந்தது.

31 ஜூன்.

கிளைத் தலைவர் சிரிக்கக்கூட இல்லை. 'பொய்ச் சீட்டு தயாரிக்கிறவளுக்கு மாதத்துக்கு எத்தனை நாள் என்றுகூடத் தெரியவில்லை' என்று எழுதி, விசாரணை முடியும்வரை அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவளுடைய கைபேசி சோதனைக்காக ஓர் உறைக்குள் போனது.

"அவ அந்தப் பொண்ணோட தங்கச்சியாச்சே, அவளையா கூட வச்சுக்கிறீங்க?" என்று தலைவர் நிதானத்திடம் கேட்டாராம்.

"நான் விசாரிக்கிறது ஒரு சீட்டை. சீட்டுக்கு அவங்க உறவில்லையே" என்றாராம் நிதானம்.

இப்போது அவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தோணுது, பட்டாசு?"

"எங்க அக்கா எல்லாத்துலயும் மத்தவங்களைவிட ஒரு படி மேல சார். மாசத்துக்கும் ஒரு நாள் கூடுதலா வச்சிருக்கா."

நிதானம் சிரித்தார். அவர் சிரித்தால் ஆபத்து.

"சரி, நீங்க ஒரு பொய்ச் சீட்டு தயாரிக்கணும். ஜூன் மாசத் தேதி. எந்தத் தேதி போடுவீங்க?"

"பன்னிரண்டு, பதினேழு... ஏதோ ஒண்ணு."

"போடறதுக்கு முன்னாடி?"

"காலண்டர் பார்ப்பேன். ஞாயித்துக்கிழமையா இருந்துடக் கூடாதே."

"பொய் சொல்றவன் எப்பவும் காலண்டர் பார்ப்பான்" என்றார் நிதானம். "முப்பது நல்ல தேதி சும்மா கிடக்கும்போது, இல்லாத ஒண்ணை எவனும் தேடிப் போய் எடுக்க மாட்டான். இந்தச் சீட்டு தப்பா இருக்கு. அதனாலதான் இது உண்மையா இருக்குமோன்னு சந்தேகப்படறேன்."

பட்டாசின் நாக்கில் இருந்த இனிப்பு சட்டென்று கசந்தது. பாவி மனுஷன், அக்காவைக் காப்பாற்றிவிடுவார் போலிருக்கிறதே!

"இல்லாத தேதி எங்கே பிறக்கும்?" என்று எழுந்தார் நிதானம். "வாங்க, உங்க மேசைக்கே போவோம்."

தபால் மேசை கூடத்தின் ஓரத்தில், அறிவிப்புப் பலகைக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே இரண்டு பேர் வேலை. ஒருத்தி பட்டாசு. இன்னொருவர், எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்று தலையாட்டும் ஒரு மூத்த எழுத்தர். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர் தேதி முத்திரையைத் திருப்பிவைப்பார். யார் திருப்பினார்கள் என்று எங்கும் எழுதுவதில்லை. இன்று மூத்த எழுத்தர் விடுப்பில் இருந்தார்.

நிதானம் முத்திரையைக் கையில் எடுத்தார். மரப்பிடி, அடியில் ரப்பர் பட்டைகள், பக்கவாட்டில் மூன்று சின்னப் பல்சக்கரங்கள். நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று.

"முப்பதாம் தேதி சாயங்காலம் இது என்ன காட்டிட்டிருக்கும்?"

"முப்பது ஜூன்."

"மறுநாள் காலையில, ஒருத்தர் வேற ஏதோ யோசனையில வந்து, தினமும் செய்யற மாதிரியே நாள் சக்கரத்தை மட்டும் ஒரு பல் தள்ளினா?"

அவர் தள்ளினார். டிக். ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தினார். பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

பட்டாசுக்கு ஜூலை முதல் தேதி காலை முழுவதுமாக நினைவுக்கு வந்தது. அவள்தான் முதலில் வந்திருந்தாள். எதிரே பலகையில் புதிதாய் ஒரு காகிதம் குத்தியிருந்தார்கள்: 'இந்த அரையாண்டின் முன்மாதிரிப் பணியாளர்.' கீழே அக்காவின் புகைப்படம். அட்டைக்கு எடுத்த படத்தில்கூட அக்கா அழகாகத்தான் விழுந்திருந்தாள். இவளுடைய அட்டைப்படமோ வழக்கில் தேடப்படுகிறவளைப் போல் இருக்கும். வயிறு பற்றி எரிய, கண்ணைப் பலகையில் வைத்துக்கொண்டே சக்கரத்தைத் தள்ளினாள். வந்த உறைகளின்மேல் டொம் டொம்மென்று குத்தினாள். அப்போது அக்காவே ஓர் உறையோடு வந்து நின்றாள். இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். சீட்டைக் கிழித்து ஒரு பாதியை அக்காவிடம் தள்ளினாள், மறு பாதியை உறைமேல் ஒட்டினாள். பத்து நிமிடம் கழித்துத்தான் தப்பான தேதி கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் சக்கரத்தைத் திருத்திவிட்டு, மறந்தும் போனாள்.

"அன்னைக்குக் காலையில மேசையில யாரு இருந்தாங்க?" என்று கேட்டார் நிதானம்.

ஒப்புக்கொண்டால் தகுதிகாண் காலம் ஓராண்டு நீளும். சான்றுப்பொருள் விஷயத்தில் தவறு என்று பதிவேட்டில் ஏறும். பரிந்துரை என்ற பேச்சே அதன்பிறகு இருக்காது. அந்தக் கதவு அக்காவுக்கு மட்டும் திறந்திருக்கும்.

"ஞாபகம் இல்லை சார்" என்றாள் பட்டாசு.

"அப்படியா. அப்போ உங்க மூத்த எழுத்தர் வந்ததும் அவங்களைத்தான் கேட்கணும்" என்றார் நிதானம். "அதுக்குள்ள உறையைத் தேடுவோம். வண்டியை எடுக்கறேன்."

நிதானம் ஓட்டும்போதும் நிதானம்தான்.

"சார், இப்போ ஒரு நத்தை நம்மளைத் தாண்டிப் போச்சு. ஹாரன் வேற அடிச்சுட்டுப் போகுது."

"நம்பரைக் குறிச்சுக்குங்க. வேகக் கட்டுப்பாட்டை மீறியிருக்கும்."

வழக்கமாய் அவளும் சிரித்திருப்பாள். இன்று சொன்ன நகைச்சுவை வாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மூத்த எழுத்தரை நினைத்துப் பார்த்தாள். அவரிடம் போய் 'நீங்கதானே அன்னைக்கு முத்திரை வச்சது?' என்று யார் கேட்டாலும், "இருக்கும்மா, நானாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆள்.

"எதுக்கு சார் ஆய்வகத்துக்குப் போறோம்? அவங்கதான் வரவேயில்லைன்னு சொல்லிட்டாங்களே."

"அவங்க சொன்னது அது இல்லை. கணினியில இல்லைன்னாங்க. ரெண்டும் ஒண்ணா?"

ஆய்வகத்தின் வரவுப் பிரிவு, நீளமான ஒரு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு வரவு எழுத்தர், வாளி நிறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதானம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார். "ஐயா, உங்க கணினியில ஜூன் முப்பத்தொண்ணுன்னு அடிச்சா என்ன ஆகும்?"

வரவு எழுத்தரின் முகம் மலர்ந்தது. பல நாளாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏங்க, வாங்கவே மாட்டேங்குதுங்க! சீட்டுல என்ன தேதியோ அதைத்தான் அடிக்கணும்னு எங்களுக்கு உத்தரவு. நாங்களாத் திருத்தக் கூடாது. அடிச்சா சிவப்பா ஒரு கட்டம் வந்து 'தேதி தவறு'ன்னு மிரட்டுது. எட்டுத் தடவை அடிச்சேன். அதுக்கும் பிடிவாதம், எனக்கும் பிடிவாதம்."

"உறை?"

"தேதி ஏறாததையெல்லாம் சந்தேகத் தட்டுல போடுவோம். அதோ." வாளிக்கு மேலே, ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு மரத்தட்டு இருந்தது. அதில் ஒன்றுமில்லை.

பட்டாசு அந்தக் காலித் தட்டையே பார்த்தாள். தொலைந்துபோயிருந்தால்? தொலைந்தால் அக்கா வீட்டோடுதான். ஒரு சின்ன, கேவலமான நிம்மதி தலைகாட்டியது. அதன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே அருவருப்பாயிருந்தது.

"எங்க ஆபீசுக்கு நீங்க சொல்லலையா?" என்று கேட்டார் நிதானம்.

"ரெண்டு தரம் போன் பண்ணினேனே! தபால் மேசையில ஒரு பொண்ணு எடுத்து, 'இங்க தலைக்கு மேல வேலை, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க'ன்னு பட்டுனு வச்சிருச்சு. எழுதி அனுப்பறதுன்னா எந்தத் தேதியிட்ட உறைன்னு குறிப்பிடணுமே. அதை எப்படி எழுதறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"பத்து நாளாவா?"

"நல்லா யோசிக்க வேண்டாமா?"

பட்டாசு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானம் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

வரவு எழுத்தர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தன் சொந்த அலமாரியைத் திறந்தார். அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் குடைக்கும் நடுவில், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தார். உள்ளே அந்த உறை. அரக்கு முத்திரை உடையவில்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதன்மேல் ஊதா மையில் '31 ஜூன்'.

"தட்டுல விட்டா நனைஞ்சிரும்னு எடுத்து வச்சேன்" என்றார் அவர், ஏதோ குற்றம் செய்தவர்போல. "இந்த நூல் முடிச்சைப் பாருங்க. நாலு பக்கமும் சமமா இழுத்து, நுனியைக்கூட வெட்டிச் சீராக்கியிருக்கு. எந்த வீட்டுப் பிள்ளையோ, இவ்வளவு அக்கறையாக் கட்டியிருக்கே, அதோட உழைப்பு நனைஞ்சுபோகக் கூடாதுன்னு பட்டுச்சு."

பட்டாசு அந்த முடிச்சைப் பார்த்தாள். முகம் தெரியாத ஒரு மனிதர், முகம் தெரியாத ஒரு பெண்ணின் முடிச்சுக்காகத் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஓரம் தள்ளி இடம் கொடுத்திருக்கிறார். கூடவே பிறந்தவள்போல் வளர்ந்தவள், நிமிர்ந்து முகம்கூடப் பார்க்காமல் கையை நீட்டியிருக்கிறாள்.

"ஆமா, அந்த முத்திரையை வச்ச மகராசி யாருங்க?" என்று கேட்டார் வரவு எழுத்தர். "ஒருதரம் பார்க்கணும்."

"அது யாருன்னு இன்னும்..." என்று ஆரம்பித்தார் நிதானம்.

"நான்தான் ஐயா" என்றாள் பட்டாசு. "முத்திரை வச்சதும் நான்தான். போனை வச்சதும் நான்தான்."

வரவு எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார்.

"அட, சின்னப் பிள்ளையா இருக்கியே. போகட்டும் விடும்மா. எனக்கும் பத்து நாள் கணினியோட சண்டை போட ஒரு சாக்கு கிடைச்சுது" என்றார்.

திரும்பும்போது வண்டியில் உறை அவள் மடியில் இருந்தது. பட்டாசுதான் ஆரம்பித்தாள்.

"மேசையில யாருன்னு நீங்க கேட்டப்போ, ஞாபகம் இல்லைன்னு சொன்னேன். பொய் சார்."

"தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"நேத்திலேருந்து" என்றார் நிதானம். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "உங்க அக்காவோட வாக்குமூலம். உங்களைத் தட்டச்சு செய்யச் சொல்லாம நானே எழுதினேன். ஆறாவது கேள்வியைப் படிங்க."

அவள் படித்தாள்.

'கேள்வி: உறையை வாங்கி முத்திரையிட்டவர் இருவரில் யார்? பதில்: ஞாபகம் இல்லை.'

"அஞ்சாவது பதிலையும் பாருங்க. அன்னைக்கு அலமாரியில எத்தனை உறை இருந்துச்சு, எந்த உறையில அரக்கு லேசாக் கீறியிருந்துச்சு, எல்லாம் சொல்றாங்க. அப்பேர்ப்பட்ட பொண்ணுக்கு, நேர்ல நின்னு கை நீட்டினது தன் தங்கச்சியான்னு ஞாபகம் இல்லையாம்." விளக்கு பச்சையானது. "'வாங்கினவங்க பேரைச் சொன்னா நீங்க இன்னைக்கே வேலைக்குத் திரும்பலாம்'னும் சொல்லிப் பார்த்தேன். 'ஞாபகம் இல்லை சார்'னு மறுபடியும் அதையே சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே பொய்யைத்தான் சொன்னீங்க, பட்டாசு. வார்த்தை மாறாம."

ஒரே பொய்தான். ஒருத்தி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாள். இன்னொருத்தி தன்னைத் தீயில் நிறுத்திக்கொண்டு சொன்னாள். இதிலும் அக்காதான் ஒரு படி மேலே. முதல்முறையாக அந்த நினைப்பு அவளை எரிக்கவில்லை. வேறு எங்கேயோ வலித்தது.

"இப்போ என்ன சார் ஆகும்?"

"உறை கிடைச்சுது. உங்க அக்கா நாளைக் காலையில வேலைக்கு வருவாங்க. நீங்க ஒத்துக்கிட்டதை நான் எழுதித்தான் ஆகணும். தகுதிகாண் காலம் ஓராண்டு நீளும்."

"எழுதுங்க சார்" என்றாள். சொன்னபிறகு, பரிந்துரை கைவிட்டுப் போனதே என்று மனசு கணக்குப் போட்டது. அதற்காகவும் அவள் வெட்கப்பட்டாள். பொறாமை என்பது ஒரேநாளில் காலிசெய்துவிட்டுப் போகிற குடித்தனக்காரன் இல்லையே.

அலுவலகத்துக்கு வந்ததும் நிதானம் உறையோடு தலைவர் அறைக்குப் போனார். போகும்போது, அக்காவின் மேசையிலிருந்து சோதனைக்காக எடுத்துவைத்த பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் கொடுத்து, அவளுடைய இழுப்பறையில் திருப்பி அடுக்கச் சொன்னார். சான்றுப்பொருள் அறையின் முன்பகுதியில் யாரும் இல்லை. பட்டாசு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சீவிய பென்சில்கள், நூல்கண்டு, கத்தரி, ஒரு சீப்பு.

பெட்டியின் அடியில் ஒரு நீளக் காகித உறை கிடந்தது. ஒட்டியிருக்கவில்லை. மேலே 'அதிகாரிப் பயிற்சிப் பரிந்துரைக்கான விண்ணப்பம்' என்று அச்சிட்டிருந்தது. உள்ளே படிவம் முழுதும் பூர்த்தியாகி, அக்காவின் கையெழுத்தும் இருந்தது. போடுவதற்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைவர் அறைக்கு வெளியே சுவரில் இருந்த இரும்புப்பெட்டியில்தான் அதைப் போடவேண்டும். கடைசி நாள் இன்று. ஐந்து மணிக்குப் பெட்டியைப் பூட்டி எடுத்துப் போய்விடுவார்கள். அக்கா வருவது நாளைக் காலை. கைபேசியோ இன்னும் உறைக்குள்.

சுவர்க்கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது.

இழுப்பறையில் வைத்துவிட்டால் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. திருப்பி அடுக்கத்தானே சொன்னார்கள்? இந்த ஆண்டு அக்காவும் இவளோடு கதவுக்கு வெளியேதான் நிற்பாள். அவள் அந்த உறையை இழுப்பறைக்குள் வைத்தாள். மூடினாள். மூடிய இழுப்பறையின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். மனசுக்குள் என்ன வேண்டிக்கொண்டாளோ, அது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

பிறகு இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தாள். ஓரத்தை நாக்கால் நனைத்து, நகத்தால் அழுத்தி ஒட்டினாள். மூலை மடங்கியிருந்ததை நீவி நேராக்கினாள்.

தாழ்வாரம் காலியாக இருந்தது. தலைவர் அறைக்குள் நிதானத்தின் குரல் மெதுவாக, மிக மெதுவாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. இரும்புப்பெட்டியின் வாய் குறுகல். உறை பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் இன்னொரு விரலால் தள்ளினாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் திரும்பி நடந்தாள்.

அவள் சான்றுப்பொருள் அறையில் கடைசிப் பென்சிலை வைக்கும்போது, அலுவலக உதவியாளர் இரும்புப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தார்.

"காலையில காலியாக் கிடந்துச்சேன்னு பார்த்தேன். யாரோ கடைசி நேரத்துல போட்டிருக்காங்க போலிருக்கே, பட்டாசு?"

"அப்படியா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, அவள் இழுப்பறையை மூடினாள்.